நிலமும் பொழுதும்: பந்தாட்டம் திரைக்கு வந்த கதை

1927 ஜனவரி 22 அன்று, லண்டனின் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணியும் ஷெஃபீல்டு யுனைடெட் அணியும் ஆடிய கால்பந்தாட்டத்தை பி.பி.சி. வானொலி நேர்முகமாக வர்ணித்தது. பிரிட்டனில் கால்பந்தாட்டம் ஒன்று வானொலியில் நேர்முக வர்ணனை பெற்றது அதுவே முதல்முறை. வர்ணனையாளர் டெடி வேக்லம் முன்னாள் ரக்பி ஆட்டக்காரர். அவர் அருகில் அமர்ந்திருந்த உதவியாளர் பெரும்பாலும் எண்களை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, அவற்றுக்கு எண்ணிட்ட வரைபடம் ஒன்றை 'ரேடியோ டைம்ஸ்' இதழ் முன்கூட்டியே அச்சிட்டிருந்தது. நேயர்கள் அந்தத் தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, பந்து இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை விரலால் தொடர்ந்தபடி ஆட்டத்தைக் கேட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை இன்று எண்ணிப் பார்க்கையில் ஒரு முரண் புலப்படுகிறது. படமே இல்லாத வானொலி நேயருக்கு ஆடுகளம் முழுவதும் கைவசம் இருந்தது. எண்ணற்ற படங்கள் வந்து குவியும் இன்றைய தொலைக்காட்சிப் பார்வையாளர், ஆட்டத்தின் பல கணங்களில் தாம் களத்தின் எந்த மூலையைப் பார்க்கிறோம் என்பதையே அறியாதிருக்கிறார். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் நாம் பெற்றவை ஏராளம். அவற்றுக்கு விலையாக எதைக் கொடுத்தோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இக்கேள்வியை எளிதில் விளக்கலாம். தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் உயிர்களும் பிறவும் கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பதும் இலக்கண மரபு. உரிப்பொருள் ஒன்றையே கொண்டு நிற்கும் சங்கப் பாடல்களும் உண்டு. ஆனால் பந்தாட்டத்துக்கு அச்சலுகை இல்லை. இருபத்திருவர் ஒரு நிலத்தை எவ்வாறு பகிர்ந்தும் பறித்தும் கொள்கிறார்கள், தொண்ணூறு நிமிடப் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதுதான் அந்த ஆட்டம். ஆட்டக்காரரின் மகிழ்ச்சியும் துயரும் அவ்விரண்டிலிருந்தே முளைக்கின்றன. தொலைக்காட்சி தன் வரலாறு நெடுகிலும் உரிப்பொருளை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. அதன் வழியில் முதற்பொருள் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

*

தொலைக்காட்சிக்காகக் கால்பந்து முதலில் படம்பிடிக்கப்பட்டதும் அதே ஹைபரியில்தான். 1937 செப்டம்பர் 16 அன்று ஆர்சனல் அணி தன் மாற்று ஆட்டக்காரர்களோடு ஆடிய காட்சி ஆட்டத்தின் சில பகுதிகளை பி.பி.சி. ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு, 1938 ஏப்ரல் 30 அன்று, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் முதன்முறையாக முழுமையாகத் தொலைக்காட்சியில் வந்தது. வெம்பிளி அரங்கில் 90,000 பேருக்கும் மேல் கூடியிருந்தனர். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பிரஸ்டன் நார்த் எண்ட் அணியும் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் அணியும் கோல் ஏதுமின்றிக் கூடுதல் நேரத்தின் இறுதிவரை போராடின. இனி ஒரு கோல் விழுந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று வர்ணனையாளர் தாமஸ் உட்ரஃப் அறிவித்தார். அவர் சொல்லி முடித்த சற்று நேரத்திலேயே பிரஸ்டனுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜார்ஜ் மட்ச் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு உள்ளே சென்றது. பின்னர் உட்ரஃப் இனிப்பால் செய்த தொப்பி ஒன்றை உண்டு தம் சொல்லைக் காப்பாற்றினார் என்பர்.

நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான். எனினும் அதில் ஒரு பாடமும் உண்டு. அந்த ஆட்டத்தின் சாரமே, எதுவும் நிகழாமல் கடந்த நெடும்பொழுதுதான். நூற்றுப் பத்தொன்பது நிமிட வெறுமையைக் கண்டவருக்கே கடைசி நிமிடத்துப் பெனால்டியின் கனம் விளங்கும். அதை வெட்டி எடுத்து அரை நிமிடத் துணுக்காகக் காட்டினால், கம்பத்தில் பட்டு உள்ளே போன ஒரு பந்து மட்டுமே மிஞ்சும்.

வெட்டி எடுக்கும் கலைக்கு முறையான தொடக்கம் 1964 ஆகஸ்ட் 22 அன்று நிகழ்ந்தது. 'மேட்ச் ஆஃப் த டே' என்னும் நிகழ்ச்சியை பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை தொடங்கியது. லிவர்பூல் அணி ஆர்சனலை 3-2 என வென்ற ஆட்டத்தின் தொகுப்பு அது. அன்று அதைக் கண்டவர்கள் சுமார் 20,000 பேர். மைதானத்தில் இருந்தோரில் பாதிக்கும் குறைவு. முழு ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கழகங்கள் அப்போது இசையவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் மைதானத்துக்கு எவர் வருவார் என்பது அவர்களது அச்சம். 1960 செப்டம்பர் 10 அன்று பிளாக்பூல், போல்டன் அணிகளின் லீக் ஆட்டத்தை ஐ.டி.வி. நேரலையாகக் காட்டியது. அம்முயற்சி தொடரவில்லை. அடுத்த நேரலை லீக் ஆட்டத்துக்கு இங்கிலாந்து 1983 வரை காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு லீக் ஆட்டம் என்றாலே தொகுப்புதான். கோலுக்கும் கோலுக்கும் நடுவே ஒன்றுமில்லை என்ற எண்ணம் அங்கே வேர்கொண்டது எனலாம்.

பொழுதைக் குலைத்த மற்றொரு கருவி அமெரிக்காவில் பிறந்தது. 1963 டிசம்பர் 7 அன்று, அந்நாட்டுக்கே உரிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில், தரைப்படை அணியும் கடற்படை அணியும் மோதின. சி.பி.எஸ். நிறுவனத்தின் இயக்குநர் டோனி வெர்னா, சற்று முன் நிகழ்ந்ததை ஒளிநாடாவிலிருந்து உடனே மீண்டும் காட்டினார். ரீப்ளே எனப்படும் மீள்காட்சியின் தொடக்கம் அது. இது நேரலை அன்று, தரைப்படை அணி மறுபடியும் புள்ளி எடுத்துவிடவில்லை என்று வர்ணனையாளர் பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருந்தது. சென்ற கணம் திரும்பி வரும் என்பதை மனிதக் கண் அதுவரை பழகியிருக்கவில்லை.

*

நிலம் தேய்ந்த கதைக்கு 1970 ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக்கோப்பை நல்ல சான்று. செயற்கைக்கோள் வழியே வண்ணத்தில் உலகெங்கும் சென்ற முதல் உலகக்கோப்பை அது. எனினும் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. அவற்றிலும் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வெள்ளை அறுகோணங்களும் கறுப்பு ஐங்கோணங்களுமாக 32 துண்டுகள் கொண்ட பந்தை அடிடாஸ் நிறுவனம் வழங்கியது. அதன் பெயர் டெல்ஸ்டார். தொலைக்காட்சியின் நட்சத்திரம் என்பது பொருள். இன்றுவரை குழந்தைகள் பந்து வரைந்தால் அந்தப் பந்தையே வரைகிறார்கள். ஐரோப்பிய நேயர்களின் மாலைப்பொழுதுக்கு இசைவாக, பல ஆட்டங்கள் மெக்சிகோவின் உச்சிவெயிலில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கின. மெக்சிகோ நகரமோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. திரைக்காகப் பந்தின் நிறம் மாறியது. ஆடுவோரின் பொழுதும் மாறியது.

அவ்வாண்டு ஜூன் 21 அன்று நடந்த இறுதியாட்டத்தில் பிரேசில் இத்தாலியை 4-1 என வென்றது. நான்காவது கோலைக் கால்பந்து வரலாற்றின் பேரழகுகளுள் ஒன்றாகப் பலர் கருதுகின்றனர். பெலே பந்தை நிறுத்துகிறார். அவசரமே இல்லாமல் வலப்புறம் உருட்டுகிறார். திரையில் அங்கே எவரும் இல்லை. பின்னர் சட்டகத்தின் விளிம்பிலிருந்து கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பாய்ந்து வந்து, ஓட்டத்தை நிறுத்தாமலே உதைக்கிறார். தொலைக்காட்சியில் கண்டவருக்கு அது மாயம் போன்றது. மைதானத்தில் இருந்தவர் கண்டது வேறு. ஜைர்சின்யோ வலப்புறத்தைக் கைவிட்டு இடப்பக்கம் சாய்ந்து ஆடியதால், அவரைக் காக்க வேண்டிய இத்தாலியின் ஃபாக்கெட்டியும் உடன் இழுபட்டார். வலப்புறம் ஒரு நிலம் காலியானது. அந்நிலத்தை நோக்கி கார்லோஸ் ஆல்பெர்ட்டோ தொலைவிலிருந்தே ஓடி வந்தார். கோலின் வியப்பு திரைக்குள் இருந்தது. அதன் காரணமோ திரைக்கு வெளியே இருந்தது.

வியப்பும் வேண்டியதே. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காரணத்தைக் காணாத கண் வெகுவிரைவில் கோலை அதிர்ஷ்டமாகவோ தனிமனித அற்புதமாகவோ மட்டும் எண்ணப் பழகிவிடும். பந்தைத் தொடுபவரே ஆட்டக்காரர், தொடாமல் ஓடி நிலம் திறந்துவிடுபவர் வெறும் துணைப்பாத்திரம் என்ற பிழைநோக்கு அவ்வாறு பிறப்பதுதான்.

இப்பிழைநோக்கைத் திரைப்படக் கலைஞர்கள் இருமுறை அதன் எல்லைவரை கொண்டுசென்று பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானிய இயக்குநர் ஹெல்முட் கோஸ்டார்டு 1970 செப்டம்பரில், மான்செஸ்டர் யுனைடெட் அணி கவென்ட்ரி அணியோடு ஆடிய ஆட்டம் முழுவதிலும் ஜார்ஜ் பெஸ்ட் என்ற ஒரே ஆட்டக்காரரை மட்டும் பல கேமராக்களால் தொடர்ந்தார். 2005 ஏப்ரல் 23 அன்று, ரியல் மாட்ரிட் அணியும் வில்லாரியல் அணியும் ஆடியபோது டக்ளஸ் கார்டன், ஃபிலிப் பரெனோ ஆகிய இருவரும் 17 கேமராக்களை ஜினெடின் ஜிடேன் ஒருவர் மீதே திருப்பினர். அப்படம் 2006 இல் வெளியானது. இரண்டும் கலைப்படைப்புகள் என்ற அளவில் பார்க்கத் தக்கவை. ஒரு மனிதர் தொண்ணூறு நிமிடத்தில் பெரும்பகுதியும் நடந்தும் நின்றும் காத்தும் கழிக்கிறார் என்பதை அவை காட்டின. ஆனால் அப்படங்களில் ஆட்டம் இல்லை. யார் யாரிடம் பந்தைப் பெற்றார், எதற்காக ஓடினார் என்பது அங்கே விளங்காது. நிலத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு முகம் மட்டுமே என்பதற்கு அவையே சாட்சி.

*

1992 இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஸ்கை நிறுவனம் ஒளிபரப்பை ஏற்றது. திரையின் மூலையில் கோல் கணக்கையும் கடிகாரத்தையும் நிலையாக வைத்தவர் அந்நிறுவனத்தின் டேவிட் ஹில். இன்று இது இல்லாத ஆட்டத்தை நம்மால் கற்பனை செய்ய இயலாது. முன்பு இடையில் வந்து அமரும் பார்வையாளர், கணக்கை அறிய வர்ணனையாளரின் வாயை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். இது பொழுதைப் பார்வையாளரிடம் திருப்பித் தந்த சீர்திருத்தம். எனவே தொழில்நுட்பம் அனைத்தும் கேடு என்பது நமது வாதமன்று.

கேமராக்களும் பெருகின. 2018 உலகக்கோப்பையில் ஆட்டம் ஒன்றுக்கு 37 கேமராக்கள் இயங்கின. கருவி மிகுந்தால் அவற்றைப் பயன்படுத்தும் ஆவலும் மிகும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே பயிற்சியாளரின் முகம், அழும் சிறுவன், வி.ஐ.பி. மாடத்துப் பிரமுகர் என்று காட்சி தாவுகிறது. மீள்காட்சி முடிவதற்குள் த்ரோ-இன் எறியப்பட்டுப் பந்து களத்தின் மறுகோடிக்குப் போய்விடுகிறது.

இத்தனை கண்கள் இருந்தும் முக்கியமானது தப்பிப்போவதுண்டு. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடேன் இத்தாலியின் மட்டெராட்சியைத் தலையால் முட்டிய கணத்தில், நேரலைப் படம் பந்தோடு வேறிடத்தில் இருந்தது. உலகம் அதை மீள்காட்சியில்தான் கண்டது. அப்படி நேர்ந்தது பிழையன்று. பந்தோடு இருப்பதே கேமராவின் முதற்கடமை. தவறவிட்டதை, ஆட்டம் நின்ற பொழுதில், இதோ நடந்தது என்று எடுத்துவைப்பதுதான் மீள்காட்சிக்கு உரிய பணி. அன்றைய ஒளிபரப்பு அதைச் செவ்வனே செய்தது.

மீள்காட்சி சான்றாக மட்டும் நில்லாமல் தீர்ப்பாகவும் மாறியது அடுத்த கட்டம். 1966 ஜூலை 30 அன்று மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து கோட்டைக் கடந்ததா என்ற வழக்கு இன்றளவும் முடியவில்லை. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் அதே இரு நாடுகள் மோதியபோது ஃபிராங்க் லம்பார்டு உதைத்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்தும் கோல் வழங்கப்படவில்லை. வீட்டில் இருந்த கோடிக்கணக்கானோர் உண்மையை அறிந்தனர். களத்தில் நின்ற நடுவர் அறியவில்லை. அதே நாளில் அர்ஜென்டினாவின் டெவெஸ் ஆஃப்சைடு நிலையில் நின்று அடித்த கோலின் மீள்காட்சி அரங்கத்தின் பெருந்திரையிலேயே ஓடியது. மெக்சிகோ ஆட்டக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டி முறையிட்டும் தீர்ப்பு மாறவில்லை. நடுவரைவிடப் பார்வையாளர் அதிகம் அறிந்திருக்கும் நிலை நெடுநாள் நீடிக்க முடியாது. 2012 இல் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2018 உலகக்கோப்பையில் காணொளி உதவி நடுவர் முறை வந்தது.

ஆனால் படம் பார்ப்பது வேறு, உண்மையைப் பார்ப்பது வேறு என்பதை 2022 டிசம்பர் 1 கற்பித்தது. கத்தாரில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என வென்ற ஆட்டத்தில், இரண்டாவது கோலுக்கு முன் ஜப்பானின் மிதோமா எடுத்துக்கொடுத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது போலவே திரையில் தோன்றியது. பல கோடிப் பேர் அவ்வாறே கண்டனர். பந்து தரையைத் தொட்ட இடம் கோட்டுக்கு அப்பால்தான். ஆனால் விதிப்படி பந்தின் முழு உருவமும் கோட்டை முழுதாகக் கடக்க வேண்டும். மேலிருந்து நோக்கினால் பந்தின் வளைவு மயிரிழை அளவு கோட்டின்மேல் இருந்தது. கோல் செல்லுபடியானது, பிரிவில் ஜெர்மனி வெளியேறியது. தீர்ப்பளித்தவர்கள் பார்த்த கோணம் அந்நேரத்தில் பார்வையாளருக்குக் காட்டப்படவில்லை. மறுநாள்தான் ஃபிஃபா அதற்கான விளக்கத்தைப் படங்களோடு வெளியிட்டது. ஒரு நாட்டின் வெளியேற்றத்தைத் தீர்மானிக்கும் படத்தை மக்கள் ஒரு நாள் கழித்துக் காண்பது முறையாகாது. எந்தக் கோணத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதப்படுகிறதோ அந்தக் கோணத்தை அப்போதே காட்டுவதும் ஒளிபரப்பின் கடமையே.

*

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 இல் பெருந்தொற்றுக்குப் பின் மே 16 அன்று ஜெர்மனியின் பூந்தெஸ்லீகா ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. ஜூனில் இங்கிலாந்தும் தொடர்ந்தது. வெறும் அரங்கின் எதிரொலியைத் தாங்காத நிறுவனங்கள் பதிவுசெய்த ஆரவாரத்தைச் சேர்த்தன. வேண்டாதவர் அதை நீக்கிக் கேட்கவும் வழி வைத்தன. நீக்கிக் கேட்டவர்கள் அதுவரை அறியாத ஒன்றைக் கேட்டார்கள்: ஆட்டக்காரர்களின் குரல். விலகு, திரும்பு, நேரம் இருக்கிறது என்று ஒருவரையொருவர் வழிநடத்தும் ஓயாத பேச்சு. கால்பந்து இத்துணைப் பேச்சு நிறைந்த ஆட்டம் என்பது பலருக்குப் புதிய செய்தி.

வர்ணனையாளர் எவ்வளவு பேசலாம் என்ற கேள்விக்கு நம் தெருக்கூத்தில் விடை உண்டு. கட்டியங்காரன் வேடங்களை அவைக்கு அறிமுகம் செய்கிறான், கதையை இணைக்கிறான், கேலியும் செய்கிறான். எங்கே பேசுவது, எங்கே ஒதுங்குவது என்பதை அறிந்தவனே நல்ல கட்டியங்காரன். வானொலி வர்ணனையாளருக்கு மௌனம் என்பது இருட்டு. அவர் பேசியே ஆக வேண்டும். தொலைக்காட்சியில் படமே பேசுகிறது. பார்வையாளர் அறியாததை, பெயரை, காரணத்தை, விதியை மட்டும் சொல்லி விலகுவதே அங்கு அழகு. கோல் விழுந்ததும் அரங்கம் எழுப்பும் ஓசையைவிடச் சிறந்த சொற்றொடர் எந்த வர்ணனையாளரிடமும் இல்லை.

*

உரிப்பொருளைக் காட்டுவதில் எல்லை எது என்பதே கடைசிக் கேள்வி. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தபோது, முதல் பாதி முடியும் தறுவாயில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று களத்தில் சரிந்தார். மருத்துவர்கள் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தனர். நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. கலங்கி நின்ற அவருடைய வாழ்க்கைத்துணையின் முகமும் உலகெங்கும் வீடுகளுக்குள் சென்றது. ஒளிபரப்பிய காட்சிகளுக்காக பி.பி.சி. பின்னர் வருத்தம் தெரிவித்தது. படங்களின் கட்டுப்பாடு போட்டியை நடத்திய அமைப்பிடம் இருந்ததையும் சுட்டியது.

அப்போது டென்மார்க் ஆட்டக்காரர்கள் ஒன்று செய்தார்கள். எரிக்சனைச் சுற்றி வட்டமாக, அவருக்கு முதுகுகாட்டி, வெளிநோக்கி நின்றார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். தம் உடல்களையே திரையாக்கி, தோழனை மற்றத் திரைகளிலிருந்து மறைத்தார்கள். எரிக்சன் பிழைத்தார், மீண்டும் ஆடவும் வந்தார். அந்த வட்டம், எது காட்டத்தக்கது என்பதைப் பற்றி எந்த ஒளிபரப்பு விதிநூலையும்விடத் தெளிவாகப் பேசியது. அந்நேரத்தில் கேமரா செய்திருக்க வேண்டியது மிக எளியது: பின்வாங்கி, உயரச் சென்று, அகன்ற காட்சியில் மைதானம் முழுவதையும் காட்டி அசையாமல் நின்றிருக்கலாம்.

கவனித்தால், நல்ல ஆட்டத்தைக் காட்டவும் அதே காட்சிதான் வேண்டும். நடுக்கோட்டுக்கு நேரே, மாடத்தின் உயரத்தில், இரு அணிகளின் தற்காப்பு வரிசையும் தெரியும்படி அகன்று நிற்கும் ஒரே கேமரா. பந்து ஓடும்வரை படம் அதைவிட்டு நீங்காதிருக்கட்டும். பந்து நின்றபின் முகங்களைக் காட்டலாம், மீள்காட்சியும் காட்டலாம். எதிர்ப்பக்கத்துக் கேமராவின் கோணம் என்றால் அதைச் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும், இல்லையேல் திசைகள் தலைமாறிப் பார்ப்பவர் குழம்புவார். பந்து மீண்டும் உருள்வதற்குள் களத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பயிற்சியாளர்களின் ஆய்வுக்கென்று களம் முழுவதையும் பதிவுசெய்யும் கேமரா பெரிய போட்டிகளில் ஏற்கெனவே இருக்கிறது. விரும்பும் பார்வையாளருக்கும் அதைத் திறந்துவிடுவதில் பெருஞ்செலவு இல்லை.

புதிய கருவி எதையும் இதற்காகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1927 இல் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நேயரின் மடியில் வைத்தவர்கள், முதலில் நிலத்தைக் கொடு, மற்றவை தாமே விளங்கும் என்று அறிந்திருந்தார்கள். இன்று நம்மிடம் தாள் இல்லை. அந்தத் தாள் செய்த வேலையைப் படமே செய்ய வேண்டும் என்று கேட்பது பார்வையாளரின் உரிமை.